அப்பா எடுத்த ஆந்தை, ஆப் வரைந்த ஆந்தை

கேள்வி:

நாங்கள் பழைய பல்லாவரத்தில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் லீவு கிடைத்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கல், கோடியக்கரை, முதுமலை என்று கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளிலேயே நன்மங்கலம் காட்டுக்கும் பள்ளிக்கரணைக்கும் போய்வருவார். எடுத்ததெல்லாம் ஸ்லைடு ஃபிலிமில். பீரோவின் மேல் தட்டில் பிஸ்கட் டின்களில் கிடந்த அந்த ஸ்லைடுகளைச் சமீபத்தில்தான் இறக்கிப் பார்த்தோம். முந்நூறுக்கு மேல் இருக்கும். பாதி நன்றாக இருக்கின்றன. கொஞ்சம் செக்கச்செவேல் என்று மாறிவிட்டன. சிலவற்றில் வேர் ஓடியது மாதிரி வெள்ளை இழைகள் தெரிகின்றன.

நன்மங்கலத்தில் கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருக்கும் படம் அப்பாவுக்கு உயிர். ஆனால் கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஒரு கடையில் கொடுத்தேன். ஸ்கேன் செய்து, ஏதோ ஏஐ ஆப்பில் போட்டு ஷார்ப் ஆக்கித் தந்தார்கள். இறகு இறகாகத் தெரிகிறது. வீட்டில் எல்லோரும் அசந்துபோனோம். அப்பா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நான் எடுத்த ஆந்தை இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்வது சரியா, வயதானவரின் பிடிவாதமா? பூஞ்சையைத் துடைக்கலாமா? போன நிறம் திரும்புமா? ஆடிய படத்தை நியாயமான வழியில் கூர்மையாக்க முடியுமா? எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்:

உங்கள் அப்பா சொன்னது முழுக்கச் சரி. அவர் சொன்னதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைச் செய்யலாம்.

கடைக்காரர் தந்த படத்தையும் அசல் ஸ்கேனையும் கணினியில் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மார்பைப் பாருங்கள். நம் ஊர்க் கொம்பன் ஆந்தைக்கு மேல்மார்பில் கருமையான கோடுகள் நெடுக்குவாட்டில் இறங்கும். வயிற்றுக்கு வரவர அவை மெலிந்து, குறுக்கே நுண்ணிய வரிகள் சேரும். தொண்டையில் வெள்ளைத் திட்டு இருக்கும். ஆப்புக்கு இந்தப் பறவையைத் தெரியாது. எங்கெங்கோ எடுத்த லட்சக்கணக்கான படங்களைப் படித்துவிட்டு, மங்கலான இடத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. இப்படிச் செய்த படங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. நெடுக்குக் கோடுகள் மீன் செதில் மாதிரி ஆகியிருக்கும். ஒன்று சாய்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் இருந்த காதுக் கொம்புகள் இரண்டும் ஒரே அளவில் நிற்கும். கண்மணியைச் சுற்றி இல்லாத வளையம் முளைத்திருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்பது உண்மைதான். அன்று அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்த பறவை அது இல்லை என்பதும் உண்மை.

பல்லாவரத்துக்காரர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் புரியும். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் உங்கள் ஊரில் ஒரு கல்லை எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கிய கோடரி என்று கண்டுகொண்டார். செதில் செதிலாகப் பெயர்த்த தடங்கள்தான் அவருக்குச் சாட்சி. அதற்கு முன்பே யாராவது அந்தக் கல்லை வழவழவென்று தேய்த்து வைத்திருந்தால் கல் இருந்திருக்கும், சாட்சி போயிருக்கும். ஸ்லைடும் அப்படித்தான். அதில் பதிந்ததை வெளியே கொண்டுவரலாம். பதியாததைச் சேர்க்கக் கூடாது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அப்பா சைக்கிள் மிதித்துப் போன இடங்கள் இன்று வேறு மாதிரி ஆகிவிட்டன. பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் ரோடு இரண்டாகப் பிளந்து போகிறது. பள்ளிக்கரணைக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்தச் சதுப்பு நிலம் எவ்வளவோ சுருங்கிவிட்டது. கட்டடங்கள் வருவதற்கு முன் அங்கே எந்தப் பறவை எந்தத் தண்ணீரில் நின்றது என்று சொல்ல வண்ணப் படங்கள் அதிகம் இல்லை. உங்கள் பிஸ்கட் டின்னில் சில இருக்கின்றன. அவற்றில் ஒரு நாணல் திட்டோ, பின்னணியில் தெரியும் மலைக்கோடோ கூடத் தகவல்தான். ஆப்பில் போட்டால் முதலில் காணாமல் போவது அந்தப் பின்னணிதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

பூஞ்சை பிடித்த ஸ்லைடைத் துடைப்பதற்கு முன்னால் இருக்கிறபடியே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். துடைக்கும்போது ஏதாவது ஆனாலும் இருந்தது கையில் நிற்கும். ஃபிலிமின் மேலுள்ள எமல்ஷன் என்பது ஜெலட்டின், அதாவது விலங்குப் புரதம். காற்றில் ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு அது விருந்து. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகையால் தண்ணீர் கூடவே கூடாது. ஈரத்துணி, வாயால் ஊதுவது, மூக்குக் கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 விழுக்காடு ஸ்பிரிட்டில் மிச்சம் தண்ணீர்தான், அதுவும் வேண்டாம். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

முதலில் ரப்பர் புளோயரால் தூசியை ஊதிவிடுங்கள். லென்ஸ் துடைக்கும் தாளை ஆல்கஹாலில் நனைத்து, பளபளப்பான பக்கத்தை முதலில் துடையுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் பூஞ்சை சுலபமாக வந்துவிடும். மங்கலாகத் தெரியும் எமல்ஷன் பக்கத்தில் அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை. வராவிட்டால் விட்டுவிடுங்கள். வேர் மாதிரி தெரியும் கோடு ஜெலட்டினுக்குள் இறங்கிவிட்டது என்றால் அந்த இடத்துச் சாயமே போய்விட்டது. அதைத் துடைத்து மீட்க முடியாது. கெட்டுப்போன ஸ்லைடு ஒன்றில் முதலில் பழகிப் பாருங்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பங்கரைப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மவுண்டில், அதாவது கண்ணாடி போட்ட சட்டத்தில், இருப்பவற்றைக் கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

டின்னைத் திறந்ததும் புளித்த காடி வாசனை அடித்ததா? அடித்திருந்தால் அந்த ஸ்லைடுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அசிடேட் ஃபிலிம் சிதையும் வாசனை அது. பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும்.

இனி நிறம். மயிலாப்பூரில் வாழ்ந்த எம். கிருஷ்ணன் காட்டுயிர்ப் படங்களைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தவர். 1996-இல் அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 'ஐ இன் த ஜங்கிள்' என்ற தலைப்பில் அவருடைய படங்களும் எழுத்துகளும் நூலாக வந்தன. கறுப்பு-வெள்ளையில் உருவம் வெள்ளித் துகள்களில் நிற்கிறது. சரியாகக் கழுவியிருந்தால் அது நிறம் மாறாமல் நெடுங்காலம் இருக்கும். கலர் ஸ்லைடில் வெள்ளியை முழுக்க நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்கள் மட்டும். மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை.

மவுண்டைப் பாருங்கள். கோடாக்ரோம் என்று இருந்தால் அதிர்ஷ்டம். இருட்டில் வைத்த கோடாக்ரோம் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் நிறம் மாறாமல் இருக்கும். உங்களிடம் நன்றாக இருப்பவற்றில் பல அதுவாக இருக்கலாம். அந்த ஃபிலிமைக் கோடாக் 2009-இல் நிறுத்திவிட்டது. கடைசியாகக் கழுவிக்கொடுத்த அமெரிக்க ஆய்வகம் 2010 டிசம்பர் 30 வரைதான் ரோல் வாங்கியது. எழுபதுகளின் நடுவில் ஈ-6 என்ற கழுவும் முறை வருவதற்கு முந்தைய எக்டாக்ரோம் இருட்டில் இருந்தாலே சயான் வெளுத்துச் சிவப்பாகும். அந்தக் காலத்தில் நம் ஊரில் புழங்கிய கிழக்கு ஜெர்மனி ஓர்வோ ஸ்லைடுகளிலும் நிறம் மாறியவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிவந்த ஸ்லைடில் சயான்தான் குறைந்திருக்கிறது. ஒளியில் சிவப்பை மறிப்பது சயானின் வேலை. அது வெளுத்ததால் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில்கூடச் சிவப்பு ஒழுகுகிறது. மென்பொருளில் லெவல்ஸைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பின் வரைபடம் வலதுபுறமாக ஒதுங்கிச் சுருங்கி நிற்கும். அதன் கறுப்புமுனையை வரைபடம் தொடங்கும் இடம் வரை நகர்த்துங்கள். மற்ற இரண்டுக்கும் இரு முனைகளையும் அப்படியே பொருத்துங்கள். இந்த ஒரு வேலையிலேயே படத்தின் முக்கால்வாசி உயிர் வந்துவிடும். ஆட்டோ கலர் பொத்தானை நம்பாதீர்கள். மாலை வெயிலில் நின்ற கொக்கை அது சலவைக்குப் போட்ட வெள்ளையாக்கிவிடும்.

நடுநிலைச் சாம்பல் எது என்று தேடும்போது உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம், நன்மங்கலம் பக்கத்துப் பாறையெல்லாம் சார்னகைட். புதிதாக உடைந்த முகம் லேசான நீலம் கலந்த கருஞ்சாம்பலாக இருக்கும், வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பேறும். உங்கள் தெருவில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, ஆந்தை உட்கார்ந்திருக்கும் குவாரிப் பாறையின் உடைந்த பகுதியை அதற்கு அருகே கொண்டுவாருங்கள். வெளிச்சம் மாலை வெளிச்சமாக இருந்தால் கல்லைவிடப் படம் கொஞ்சம் வெதுவெதுப்பான நிறத்திலேயே நிற்கட்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர் நேரில் பார்த்தவர்.

ஸ்கேனருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ இருந்தால் புது ஸ்கேனர் வேண்டாம். 1:1 மேக்ரோ லென்ஸ், நல்ல எல்இடி லைட் பேனல் (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ 95க்கு மேல்), அசையாத ஸ்டாண்ட் போதும். 24 மெகாபிக்சல் கேமரா ஸ்லைடை முழு ஃபிரேமில் பிடித்தால் 4000 டிபிஐக்குச் சற்று மேலான நுணுக்கம் கிடைக்கிறது. துளை எஃப் 8 அருகில், ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு. ஸ்லைடு இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. அட்டை மவுண்டில் ஃபிலிம் நடுவில் உப்பியிருக்கும், ஆகவே ஃபோகஸை மையத்துக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் வையுங்கள். படம் மங்கல் என்று நினைத்ததில் பாதி, ஸ்கேனில் வந்த மங்கலாகவே இருக்கும்.

கடையில் கொடுப்பதானால் எழுதியே கொடுத்துவிடுங்கள்: 4000 டிபிஐ, 16 பிட் டிஃப், ஷார்ப்பனிங் வேண்டாம், ஏஐ வேண்டாம். ஒரு படம் 21 மெகாபிக்சல், கோப்பு 130 எம்பி அளவுக்கு வரும். வாட்ஸ்ஆப்பில் வரும் ஜேபெக்கை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி ஈ-6 ஸ்லைடுகளுக்கு நன்றாக வேலை செய்யும். கோடாக்ரோமில் அது உண்மையான நுணுக்கத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடுவதுண்டு. டின்னில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் இந்து கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் இருந்தால் அதற்கும் அது ஆகாது, வெள்ளி அகச்சிவப்பை மறித்துவிடும்.

இப்போது உங்கள் ஆந்தை. அதன் கண்ணை நூறு விழுக்காட்டில் பெரிதாக்கி, கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியை மட்டும் பாருங்கள். அது சின்னக் கோடாக இழுபட்டிருந்தால் அப்பாவின் கை ஆடியிருக்கிறது. கோட்டின் திசைதான் ஆட்டத்தின் திசை. வட்டமாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. பாறையின் பொருக்கு தெளிவாக இருந்து கண் மட்டும் இழுபட்டிருந்தால் ஆந்தை தலையைத் திருப்பியிருக்கிறது. அப்பா மேல் குறை சொல்லாதீர்கள். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் 1/400 வேண்டும் என்பது பழைய கணக்கு. 64 ஐஎஸ்ஓ ஃபிலிமில், ஆந்தை வெளியே வரும் அந்திப் பொழுதில், 1/15 கிடைத்தாலே பெரிது.

கூர்மையாக்குவது என்றால் விளிம்பின் இரு பக்கத்திலும் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவது. அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயர் இருட்டறைக் காலத்தது. மங்கலான ஒரு பிரதியை அசலோடு சேர்த்துப் பிரிண்ட் போட்டு விளிம்பை எடுப்பாகக் காட்டுவார்கள். அது ஃபிலிமில் இருக்கும் தகவலை எடுத்துக் காட்டுகிறதே தவிர, புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. இன்னொரு வழி, மங்கல் எந்த வடிவில் வந்தது என்று கணக்கிட்டுத் திருப்பிக் கழிப்பது. 1990-இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி பிசகியிருந்ததால் முதல் சில ஆண்டுகள் வானியலாளர்கள் இப்படித்தான் படங்களைத் தெளிவாக்கினார்கள். ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியே கண்ட முறை அது. இலவச மென்பொருளான ராதெரபியில் அது உண்டு. ஸ்கேனால் வந்த மென்மைக்கும் லேசான ஃபோகஸ் தவறுக்கும் உதவும். ஒரு திசையில் ஆடிய படத்துக்கு அவ்வளவாக உதவாது.

ஆகவே உங்கள் ஆந்தைக்கு நான் செய்யச் சொல்வது இது. ஒளிப்புள்ளியின் கோடு 7 பிக்சல் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 5669 பிக்சல் அகலமுள்ள ஸ்கேனை 3600 பிக்சலுக்குச் சுருக்கினால் அது 4.4 பிக்சல் ஆகிவிடும். 12 x 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் தாளில் அது 0.4 மி.மீ.-க்கும் குறைவு. கை நீளத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அது பெரிய குறையாகப் படாது. சுருக்கிய பிறகு, கடைசி வேலையாக மட்டும், அன்ஷார்ப் மாஸ்க் போடுங்கள். ரேடியஸ் 0.8 முதல் 1.2 வரை, அளவு 80 முதல் 120 வரை, திரெஷோல்டு 3, 4. நிறத்தைத் தொடாமல் ஒளிச்செறிவில் மட்டும். மாஸ்க் போட்டுக் கண், அலகு, முகவட்டு, கொம்பு ஆகிய இடங்களுக்கு முழுசாகக் கொடுங்கள். மார்புக்குப் பாதி. ஆகாயத்துக்கும் நிழலுக்கும் ஒன்றும் வேண்டாம், அங்கே கொடுத்தால் ஃபிலிமின் குருணை மணல் மணலாக எழும்பும். விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தால் பின்வாங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் படம் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். அது அந்திவெளிச்சத்தின் மென்மை. அதைச் சுவரில் மாட்டலாம், நான் மாட்டுவேன்.

குருணையையும் முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். துடைத்த இறகு பிளாஸ்டிக் மாதிரி ஆகும்.

ஆப் செய்த படம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோப்பின் பெயரிலேயே "ஏஐ மாற்றியது" என்று எழுதிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு எது தாத்தா எடுத்தது என்று குழப்பம் வரக் கூடாது. எந்தப் போட்டிக்கும், எந்தப் பறவைப் பதிவுக்கும் அதை அனுப்பாதீர்கள்.

வேலை முடிந்த ஸ்லைடுகள் பீரோவுக்கே திரும்பலாம், பிஸ்கட் டின்னுக்கு வேண்டாம். பாலிபுரோப்பிலின் உறைகளில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிவிசி உறை கூடாது. பாச்சா உருண்டையும் கூடாது, அதன் ஆவி ஃபிலிமில் படியும். மழைக்காலம் முடிந்ததும் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்துச் சூடாக்கியோ மாற்றியோ வையுங்கள். உங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்லைடு வியூவர் கண்ணில் பட்டால் வாங்குங்கள், தரம் பிரிக்க உதவும். புரொஜெக்டர் கிடைத்தால் அதில் அசல்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இருட்டில் அரை நூற்றாண்டு தாங்கும் கோடாக்ரோம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் மற்ற ஃபிலிம்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரமானது. மவுண்டில் அச்சிட்டிருக்கும் மாதமும் ஆண்டும் ஃபிலிம் கழுவிய தேதி, எடுத்த தேதி ஆகாது. எடுத்த இடமும் காலமும் அப்பாவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மவுண்டையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டு, அவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். எந்த ஏரி, எந்தக் கரை, தண்ணீர் எதுவரை இருந்தது, கூட யார் வந்தார்கள் என்று அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். தேதி உறுதியாகத் தெரிந்த பறவைப் படங்களை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பழைய பதிவுகளாக ஏற்றலாம், ஏற்றுக்கொள்கிறார்கள். ஆந்தை உட்கார்ந்த பாறையின் இடத்தை மட்டும் துல்லியமாகக் குறிக்காதீர்கள், மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கேன் வேலையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் கேட்டு எழுதுவதை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.